கண்ணகியை யாரும் பீச்சுக்குக் கூட்டிட்டுப் போகலை

எங்க வீட்டு சமையலறைக் கதவுக்குப் பின்னாடி ஒரு மாதக் காலண்டர் தொங்குது. அதுல ராகு காலம், எமகண்டம் எதையும் யாரும் பார்க்கிறதில்லை. சிவப்பு பேனாவுல எழுதியிருந்தா அது அப்பா ஷிஃப்ட், நீல பேனாவுல எழுதியிருந்தா அம்மா ஷிஃப்ட். அதைத்தான் பார்ப்போம். ஏ ஷிஃப்ட் காலைல ஆறு மணி, பி ஷிஃப்ட் மதியம் ரெண்டு மணி, சி ஷிஃப்ட் ராத்திரி பத்து மணி. அப்பாவுக்கு மூணும் மாறி மாறி வரும். அம்மாவுக்கு ஏ, பி மட்டும்.

அப்பா ஒரகடம் பக்கம் ஒரு அலுமினிய வார்ப்புத் தொழிற்சாலையில ஆபரேட்டர். அம்மா ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில பேக்கிங், கான்ட்ராக்ட்ல. அப்பா பி ஷிஃப்ட் முடிச்சு வாலாஜாபாத் வந்து சேரும்போது மணி பதினொன்றரை ஆகும், அம்மா தூங்கியிருப்பாங்க. விடிகாலையில அம்மா கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடும்போது அப்பா தூங்கிட்டு இருப்பார். ரெண்டு பேரும் பேசிக்கிறது பெரும்பாலும் டிபன் பாக்ஸ் மூலமாத்தான். "குழம்புல உப்பு கம்மி"ன்னு அப்பா என்கிட்ட சொல்வார். நான் சாயங்காலம் அம்மாகிட்ட சொல்வேன். அம்மா பதில் அடுத்த நாள் குழம்புல வரும். :-)

இந்தக் காலண்டர்ல போன மாசம் ஒரு புதன்கிழமை, அவங்க கல்யாண நாள் வந்துச்சு. இருபத்து மூணாவது வருஷம். அன்னிக்கு அப்பாவுக்கு வார விடுமுறை, அம்மாவுக்கு ஏ ஷிஃப்ட். நான்தான் சொன்னேன், "ஒரு நாள் லீவு போடும்மா. நீயும் அப்பாவும் மெட்ராஸ் போயி சுத்திப் பாத்துட்டு, நல்லா சாப்டுட்டு வாங்க"ன்னு.

அம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கே! "ஏண்டி, இந்த வயசுல ஜோடியா பீச்சுல போயி உக்காந்தா பாக்குறவங்க என்ன சொல்லுவாங்க? போறதுன்னா நீயும் தம்பியும் கூட வாங்க. இல்லன்னா வடபழனி முருகனைப் பாத்துட்டு அப்படியே வந்துர்றோம்."

இதைத்தான் நான் ரெண்டு வாரமா யோசிச்சிட்டு இருக்கேன். அம்மாவும் அப்பாவும் மெட்ராஸுக்கு எத்தனையோ தடவை போயிருக்காங்க. சொந்தக்காரங்க கல்யாணத்துக்கு, பாட்டி ஆஸ்பத்திரியில இருந்தப்போ, தம்பிக்குக் கண்ணு காட்ட. எல்லாத்துக்கும் ஒரு காரணம் இருந்துச்சு, கூட யாராவது இருந்தாங்க. அவங்க ரெண்டு பேர் மட்டும் தனியா போன இடம் எதுன்னு யோசிச்சுப் பார்த்தா, ஒண்ணே ஒண்ணுதான் ஞாபகம் வருது. அடகுக்கடை. என் காலேஜ் ஃபீஸுக்கு.

சிரிக்காதீங்க. இது நம்ம ஊர்ல ரொம்பப் பழைய கதை. சிலப்பதிகாரம் பள்ளிக்கூடத்துல எல்லாரும் படிச்சிருப்போம். நான் பி.காம், இலக்கிய விமர்சனம் பண்ற அளவுக்கு விவரம் கிடையாது. ஆனா ஒரு கணக்கு மட்டும் இடிக்குது. தமிழ்ல ஒரு ஜோடி கடற்கரைப் பட்டினத்துல ஒரு நாள் பொழுதைக் கழிச்ச பழைய கதைன்னா அது கோவலனும் மாதவியும் புகார் கடற்கரைக்குப் போன கதைதான். இந்திர விழா முடிஞ்ச பௌர்ணமி நாள். அவன் கோவேறு கழுதையில, அவ வண்டியில. மணல்ல உக்காந்து யாழ் மீட்டி மாத்தி மாத்திப் பாடுறாங்க. பாட்டுல வந்த தப்பர்த்தத்துல சண்டையாகிப் பிரியிறாங்க. அது வேற விஷயம்.

நான் கேக்கிறது, அந்த நேரத்துல கண்ணகி எங்க இருந்தா? வீட்டுல. கோவலனும் கண்ணகியும் ஜோடியா ஊரை விட்டுக் கிளம்பின பயணம் எதுக்கு? சிலம்பை விக்கிறதுக்கு, மதுரைக்கு, நடந்தே. அதாவது கூத்துக்கும் கடலுக்கும் ஒருத்தி, கஷ்டத்துக்கும் நகை விக்கிறதுக்கும் பொண்டாட்டி. எங்க அப்பா கோவலன் இல்லை, தங்கமான மனுஷன். ஆனா அவரும் அம்மாவைக் கூட்டிட்டுப் போனது அடகுக்கடைக்குத்தானே?

கடைசியில அம்மாவைச் சம்மதிக்க வச்சது தம்பி. "நீ போகலன்னா நான் அப்பாவோட போறேன், எனக்கு பிரியாணி வாங்கித் தருவார்"னான். அம்மாவுக்கு ரோஷம் வந்துருச்சு. நாங்க ரெண்டு பேரும் போகலை. ஜோடின்னா ரெண்டு பேர்தான். அதனால இனி நான் சொல்றதெல்லாம் அவங்க வந்து சொன்னது. ரெண்டு பேர் சொன்னதும் பல இடத்துல ஒத்துப்போகலை. நான் ரெண்டையும் சேர்த்து எழுதுறேன்.

எங்க ஊர்ல ரயில் அடிக்கடி கிடையாது. காலைல வர்றதைப் பிடிச்சு செங்கல்பட்டு வழியா எழும்பூர்ல இறங்கியிருக்காங்க. அங்கிருந்து பாந்தியன் சாலையில இருக்கிற அரசு மியூசியத்துக்கு நடை. 1851-ல ஆரம்பிச்ச மியூசியம். வெள்ளிக்கிழமை லீவு, அதனால புதன் வசதியாப் போச்சு. அப்பாவுக்கு அங்க போக விருப்பமே இல்லை. "செத்த காலேஜ்ல என்ன இருக்கு"ன்னு கேட்டாராம். (பழைய ஆளுங்க மியூசியத்துக்கு வச்ச பேரு அதுதான்.) ஆனா வெண்கலச் சிலைங்க இருக்கிற கட்டடத்துக்குள்ள போனதுக்கு அப்புறம் அவரை வெளியே இழுக்க அம்மா பட்ட பாடு பெரும்பாடு.

ஏன்னா அவர் பாக்கிற வேலையும் வார்ப்புதான். இவர் மெஷின்ல இரும்பு அச்சு இருக்கும். உருகின அலுமினியத்தை அழுத்தத்துல உள்ள தள்ளும், அச்சு திறக்கும், பீஸ் வெளிய வரும், மறுபடி மூடும். ஷிஃப்ட் முழுக்க ஒரே பீஸ். சோழர் காலத்து வேலை அப்படி இல்லை. முதல்ல மெழுகுல சிலையைச் செய்வாங்க. அது மேல களிமண் பூசிக் காய வைப்பாங்க. சூடு பண்ணினா மெழுகு உருகி ஓடிரும். அந்தக் காலி இடத்துல உலோகத்தை ஊத்துவாங்க. ஆறினதும் மண்ணை உடைச்சாத்தான் சிலை வெளிய வரும். அச்சு உடைஞ்சு போச்சு, அதனால அதே மாதிரி இன்னொண்ணு வராது. அப்பா இதை எங்களுக்குச் சொல்லும்போது கையால காட்டிக் காட்டிச் சொன்னார். இருபது வருஷமா வேலைக்குப் போறார், அவர் வேலையைப் பத்தி வீட்டுல இவ்வளவு நேரம் பேசி நான் கேட்டதே இல்லை.

அம்மாவுக்குப் பிடிச்சது அர்த்தநாரீஸ்வரர். திருவெண்காட்டுல இருந்து வந்த 11-ஆம் நூற்றாண்டு சிலை. வலது பாதி சிவன், இடது பாதி பார்வதி. சிவன் பக்கம் ரெண்டு கை, பார்வதி பக்கம் ஒரு கை. அம்மா சொன்ன கமெண்ட்: "ஆம்பள பக்கம் ரெண்டு கை வச்சிருக்கான், பொம்பள பக்கம் ஒண்ணுதான். ஆனா பாத்திரம் கழுவுறது அந்த ஒரு கைதான்." அப்பா இதைச் சொல்லவே இல்லை, அம்மாதான் சொன்னாங்க. ஹி ஹி.

அங்கிருந்து பஸ். சாதாரணக் கட்டண பஸ், 2021 மே மாசத்துல இருந்து பெண்களுக்கு இலவசம் இல்லையா, அம்மாவுக்கு டிக்கெட் பூஜ்யம். அப்பா மட்டும் காசு கொடுத்திருக்கார். அண்ணா சாலையில இறங்கினதும் அம்மா கண்ணுல பட்டது ஒரு பெயர்ப் பலகை: வாலாஜா சாலை. "ஏங்க, நம்ம ஊர் பேருங்க!"

நம்ம ஊர் பேருதான். ஆற்காடு நவாப் முகமது அலியோட பட்டம் வாலாஜா. அதுலதான் நம்ம வாலாஜாபாத், ராணிப்பேட்டை பக்கம் இருக்கிற வாலாஜாபேட்டை, மெட்ராஸ் வாலாஜா சாலை எல்லாமே வந்துச்சு. அந்தச் சாலை கடற்கரைப் பக்கம் போய்ச் சேர்ற இடத்துல இருக்கிற சேப்பாக்கம் அரண்மனை அவர் 1768-ல கட்டினது. திருவல்லிக்கேணி நெடுஞ்சாலையில இருக்கிற பெரிய மசூதி, வாலாஜா மசூதி, 1795-ல அவர் குடும்பம் கட்டினது. அம்மா ரெண்டுல மசூதியை மட்டும் வெளிய நின்னு பார்த்திருக்காங்க. இருபத்து மூணு வருஷமா வாலாஜாபாத்ல குடும்பம் நடத்துறாங்க, அது ஒரு ஆளோட பேருன்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சிருக்கு. எனக்கும் அம்மா வந்து கேட்டதுக்கு அப்புறம் தேடிப் படிச்சதுலதான் தெரிஞ்சது. பொய் சொல்ல மாட்டேன்.

மதியச் சாப்பாடு திருவல்லிக்கேணி ரத்னா கஃபே. 1948-ல இருந்து இருக்கிற கடை, சாம்பார் இட்லிக்குப் பேர் போனது. அப்பா மீல்ஸ் சாப்பிடலாம்னார். அம்மா முடியாதுன்னுட்டாங்க. "சோறு நான் தினம் ஆக்குறேன். எனக்கு யாராவது ஊத்த ஊத்த சாப்பிடணும்." இட்லி முங்குற அளவுக்கு சாம்பார் ஊத்தி, காலியானா மறுபடி வந்து ஊத்தியிருக்காங்க. அம்மா எங்ககிட்ட மியூசியத்தைப் பத்திப் பேசினதை விட அந்த சாம்பாரைப் பத்திப் பேசினது அதிகம். சாம்பார் ருசியை விட, தான் எழுந்திருக்காம உக்காந்தே இருந்ததுதான் அம்மாவுக்கு ருசி.

அப்புறம் பாரதி சாலை வழியா நேரா நடந்தா கடல். சாலை முடியிற இடத்துல, எதிர்ல, கையில சிலம்போட நிக்கிறா கண்ணகி. 1968 உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டி வச்ச சிலை. 2001 டிசம்பர்ல எடுத்துட்டாங்க, 2006 ஜூன்ல திரும்ப வச்சாங்க. நான் மேல சொன்ன கணக்கு எனக்கு வந்ததே அம்மா அனுப்பின ஃபோட்டோவைப் பார்த்துத்தான். கண்ணகி சிலை முன்னாடி அம்மா மட்டும். அப்பா ஃபோட்டோ எடுத்திருக்கார். ரெண்டாயிரம் வருஷத்துக் கதை, பாவம், அவளும் ஒருவழியா பீச்சுக்கு வந்துட்டா. ஆனா தனியாத்தான் நிக்கிறா, கோபமா.

சாயங்காலம் கலங்கரை விளக்கம். 1977-ல திறந்தது, மேல போக லிஃப்ட் இருக்கு. ரொம்ப வருஷம் மூடிக் கிடந்து 2013-ல மறுபடி மக்களுக்குத் திறந்துவிட்டாங்க. மேல இருந்து பார்த்தா ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் ஊர். அப்பா மேற்கே கையைக் காட்டி "நம்ம ஊர் அந்தப் பக்கம்"னு சொன்னாராம். "என்னத்தைத் தெரியும், புகைதான் தெரிஞ்சுது"ன்னாங்க அம்மா.

நான் அஞ்சு மணிக்கு ஃபோன் பண்ணினேன், எடுக்கலை. அஞ்சரைக்குப் பண்ணினேன், எடுக்கலை. ஆறு மணிக்கு எனக்குப் பயமே வந்துருச்சு. ஆறே முக்காலுக்கு அப்பா கூப்பிட்டு, "அலை சத்தத்துல கேக்கலம்மா"ன்னார். மணல்ல உக்காந்து சுண்டல் சாப்பிட்டுட்டுப் பேசிட்டு இருந்தாங்களாம். என்ன பேசினீங்கன்னு ரெண்டு பேரையும் தனித்தனியா கேட்டுப் பார்த்தேன். ரெண்டு பேரும் சொல்லலை. அதுவும் சரிதான்.

பறக்கும் ரயில், அப்புறம் செங்கல்பட்டு லோக்கல், அப்புறம் காஞ்சிபுரம் பஸ்ஸுன்னு மாறி மாறி வீடு வந்து சேரும்போது ராத்திரி பத்தரை. அடுத்த நாள் அப்பாவுக்கும் ஏ ஷிஃப்ட், அம்மாவுக்கும் ஏ ஷிஃப்ட்.

சரி, இப்போ மேட்டருக்கு வர்றேன். நான் காமர்ஸ் ஆச்சே, கணக்குப் போடாம விட முடியுமா?

ரயில், பஸ், ஆட்டோ, நுழைவுச் சீட்டு: 410 ரூபாய்.
சாப்பாடு, டீ, சுண்டல், பஜ்ஜி: 560.
பீச்சுல வாங்கின கண்ணாடி வளையல்: 60.
ஆக மொத்தம் 1,030.

இது பணம் கொடுத்துச் செஞ்ச செலவு. இன்னொரு செலவு இருக்கு, அது நோட்டுல வராது. அம்மாவுக்கு அன்னிக்குச் சம்பளம் கிடையாது, 575 போச்சு. மாசம் முழுக்க லீவு போடாதவங்களுக்குத் தர்ற அட்டென்டன்ஸ் போனஸ் ஆயிரம், அதுவும் போச்சு. ஆக 1,575. எங்க பாடத்துல இதுக்கு வாய்ப்புச் செலவுன்னு பேரு. ஊர் சுத்தின செலவை விட, ஊர் சுத்த ஒரு நாள் கிடைச்ச செலவு ஒன்றரை மடங்கு!

இங்கதான் நான் சொல்ல வந்தது இருக்கு. "நம்மள மாதிரி ஆளுங்களுக்கு இதெல்லாம் கட்டுப்படியாகாது"ன்னு எல்லாரும் சொல்றாங்க. தப்பு. மெட்ராஸ்ல கடல் இலவசம், காத்து இலவசம், மியூசியம் கிட்டத்தட்ட இலவசம், பாதி டிக்கெட் இலவசம். கட்டுப்படியாகாதது ரெண்டு பேருக்கும் ஒரே நாள்ல லீவு கிடைக்கிறதுதான்.

1948 தொழிற்சாலைகள் சட்டத்துல வாரத்துக்கு ஒரு நாள் விடுமுறை கொடுக்கணும்னு இருந்துச்சு. 2025 நவம்பர் 21 அன்னிக்கு அமலுக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புலயும் வாரத்துல ஆறு நாளுக்கு மேல வேலை வாங்கக் கூடாதுன்னு இருக்கு. நல்லது. ஆனா அந்த ஏழாவது நாள் ஒரு தனி ஆளுக்கு. அந்த ஆளுக்கு வீட்டுல இன்னொரு ஆள் இருக்கு, அதுவும் வேலைக்குப் போகுது, அதுக்கு லீவு வேற நாள்னா என்ன பண்றது? அந்தக் கேள்வி எந்தச் சட்டத்துலயும் இல்லை. எங்க அப்பா தன்னோட வார விடுமுறையில முக்கால்வாசி தூங்குறார், மீதி நேரம் ரேஷன் கடையில நிக்கிறார்.

2023 ஏப்ரல் மாசம் 12 மணி நேர வேலைக்கு வழி பண்ற திருத்தம் சட்டசபையில நிறைவேறிச்சு. எதிர்ப்பு வந்ததும் மே 1 அன்னிக்கு அதைத் திரும்பப் பெறுவதா அறிவிச்சாங்க. அப்போ அதுக்கு ஆதரவா பேசினவங்க சொன்ன ஒரு விஷயம், நாலு நாள் வேலை செஞ்சா மூணு நாள் லீவுங்கிறது. எங்க கிளாஸ்லயே ரெண்டு கட்சியா பிரிஞ்சு சண்டை போட்டோம். அப்போ எனக்குக் கேட்கத் தோணலை, இப்போ தோணுது. அந்த மூணு நாள்ல ஒரு நாளாவது புருஷனுக்கும் பொண்டாட்டிக்கும் ஒரே நாளா இருக்குமா?

"அதெல்லாம் நடக்காது, ப்ரொடக்‌ஷன் நின்னு போகும்"னு சொல்றவங்களுக்கு: ஓவர்டைம் வேணும்னா ஒரே ஃபோன்ல ஷிஃப்டை மாத்துறாங்க. ரெண்டு ஆபரேட்டர் பேசி வச்சுக்கிட்டா சூப்பர்வைசர் கையெழுத்துல மாத்திக்கலாம். கம்பெனி பஸ் எந்தத் தெருவுல எத்தனை மணிக்கு எத்தனை பேரை ஏத்தணும்னு கணக்கு வச்சிருக்கிறவங்களால, மாசத்துல ஒரு நாள், ஒரே ஒரு நாள், கேட்கிறவங்களுக்கு வீட்டுல இருக்கிற இன்னொரு ஆளோட லீவோட சேர்த்துக் கொடுக்க முடியாதா? சம்பளத்தைப் பிடிச்சாலும் பரவாயில்லை, போனஸைப் பிடிக்காம விட முடியாதா? இது பெரிய புரட்சிக் கோரிக்கை இல்லைங்க. ஒரு சாம்பார் இட்லிக்கான கோரிக்கை.

கம்பெனியை மட்டும் சொல்லித் தப்பிக்க மாட்டேன். மீதித் தப்பு நம்ம மேல. ஜோடின்னு சொன்னாலே நமக்குக் காதலர்கள்தான் ஞாபகம் வருது. அதையும் ஒரு மாதிரியா பார்க்கிறோம். கல்யாணமானவங்க பீச்சுக்குப் போனா பக்கெட்டும் கையுமா ரெண்டு குழந்தைங்க கூட இருக்கணும், இல்லன்னா கோயில் பிரசாதம் கையில இருக்கணும். அம்மா கேட்ட "பாக்குறவங்க என்ன சொல்லுவாங்க"ங்கிறதுல பாக்குறவங்க யாரு? நாமதான். போன வருஷம் நாங்க ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் மெரினா போனப்போ, நரைச்ச தலையோட ஒரு ஜோடி ஐஸ்கிரீம் சாப்பிட்டுட்டு இருந்ததைப் பார்த்து நானே கிண்டல் அடிச்சிருக்கேன். இப்போ நினைச்சா வெட்கமா இருக்கு.

ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை நாம கூட்டமா மாயாஜால், மகாபலிபுரம்னு கிளம்பறோம். அந்தக் காசு எந்த ஷிஃப்ட்ல இருந்து வருதுன்னு நமக்குத் தெரியும். அதுல ஒரு தடவையை விட்டுட்டு அவங்களுக்கு டிக்கெட் எடுத்துக் கொடுக்கலாம். முக்கியமா, நாம கூடப் போகக் கூடாது.

எங்க வீட்டுக் காலண்டர்ல அடுத்த மாசத்துக்கு சிவப்பும் நீலமும் எழுதியாச்சு. நான் தேடிப் பார்த்தேன், ரெண்டு பேருக்கும் ஒரே நாள் லீவுன்னு ஒரு நாள் கூட இல்லை. அம்மா இன்னொரு தடவை போனஸை விட மாட்டாங்க, எனக்குத் தெரியும். ஆனா நேத்து ராத்திரி அப்பா பி ஷிஃப்ட் முடிச்சு வந்தப்போ அம்மா தூங்காம உக்காந்திருந்தாங்க. "என்னம்மா, காலைல அஞ்சு மணிக்கு பஸ் இல்ல?"ன்னு கேட்டேன். "நீ போய்த் தூங்குடி"ன்னுட்டாங்க.

உங்க வீட்டுல அப்பாவும் அம்மாவும் கடைசியா ரெண்டே பேரா எங்க போனாங்க? இன்னிக்குப் போய்க் கேட்டுப் பாருங்க. அடகுக்கடைன்னு பதில் வந்துச்சுன்னா, அடுத்த லீவு எப்போன்னும் கேளுங்க.